ஆபரேஷனுக்கு முந்தைய அரை மணி நேரத்துக்கு நன்றி

ஸ்டான்ஃபோர்ட் லூசில் பேக்கர்ட் குழந்தைகள் மருத்துவமனையின் மயக்க மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், பக்கத்தில் நின்ற கலிஃபோர்னியா பே ஏரியா நண்பர்களுக்கும்,

மகனுக்குத் தொண்டையில் இருக்கும் டான்சில், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதை, இரண்டையும் எடுத்தாயிற்று. ராத்திரிக் குறட்டை போய்விட்டது, இட்லிக்குக் காரச் சட்னியும் கேட்க ஆரம்பித்துவிட்டான். விசாரித்த எல்லோருக்கும் முதலில் இந்தத் தகவல்.

நாங்கள் பயந்ததெல்லாம் ஆபரேஷனுக்கு முந்தைய அரை மணி நேரத்தை நினைத்துத்தான். முன்பு வேறோர் இடத்தில் ஊசி போடுவதற்காக அவனை நாலு பேர் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். அதிலிருந்து ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே என் துப்பட்டாவைப் பிடித்துக்கொள்வான். அன்றைக்கு வெறும் வயிறு வேறு.

பிள்ளைகளிடம் விளையாட்டாகப் பேசி விளக்குவதற்கென்றே அங்கே ஒருவர் இருக்கிறார். மயக்க மருந்து மாஸ்க்கை அவன் கையிலேயே கொடுத்து, கரடி பொம்மைக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அப்புறம் விஆர் கண்ணாடி, அதாவது போட்டுக்கொண்டால் வேறோர் உலகத்துக்குள்ளேயே இருப்பதுபோலக் காட்டும் கண்ணாடி. விண்வெளியில் பறந்துகொண்டே, எதிரே வருவதைப் பார்வையாலேயே சுடும் விளையாட்டு. கையால் எதையும் அழுத்த வேண்டாம். கையில் நாடித்துடிப்பு பார்க்கும் கிளிப் மாட்டியதை அவன் கவனிக்கவே இல்லை.

மாஸ்க் போடும் நேரத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கட்டிலோடு வரும் திரையில் சீவோ என்ற டிராகனைக் காட்டினார்கள். பிள்ளை மூச்சு விட விட டிராகன் நெருப்பு ஊதிச் சாப்பாட்டைச் சுடும். "மூச்சை நல்லா இழு" என்று கெஞ்ச வேண்டிய வேலையே இல்லை. ஊதிக்கொண்டே தூங்கிவிட்டானாம், கூட இருந்த செவிலியர் சொன்னார். பதற்றம் தணிக்க வழக்கமாகத் தரும் மிடாசோலமும் தேவைப்படவில்லை.

இதையெல்லாம் சேரியட் என்ற திட்டமாகத் தொடங்கிய மயக்க மருத்துவர்கள் சாம் ராட்ரிகஸுக்கும் தாமஸ் கரூசோவுக்கும் தனி நன்றி.

என் கணவர் லேசில் நம்புகிறவர் இல்லை. "கேம் காட்டினால் பயம் போயிடுமா?" என்றார். மயக்க மருத்துவர் சலித்துக்கொள்ளாமல் விளக்கினார். தென்கொரியாவின் புண்டாங்கில் உள்ள சோல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில், போரோரோ என்ற கார்ட்டூன் பென்குயின் ஆபரேஷன் அறையைச் சுற்றிக்காட்டும் 4 நிமிட விஆர் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறார்கள். 4 முதல் 10 வயது வரையிலான 69 பேர் பங்கேற்ற அந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. படம் பார்த்தவர்களுக்குப் பதற்றம் நன்றாகக் குறைந்திருந்தது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் செய்த ஆய்வில் அப்படிக் குறையவில்லை என்பதையும் அவரே சொன்னார். மறைக்காமல் சொன்னதால்தான் கணவருக்கு நம்பிக்கை வந்தது.

என்னைக் கேட்டால், கண்ணாடி மட்டும் போதாது. "வலிக்கவே வலிக்காது" என்று அங்கே யாரும் அவனிடம் பொய் சொல்லவில்லை. எழுந்ததும் தொண்டை வலிக்கும், அதற்கு மருந்து தருவோம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வலித்தபோது அவன் எங்கள் மேல் கோபப்படவில்லை.

மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து தூங்க வைத்த எதிர்வீட்டு அக்காவுக்கும், காரமில்லாத பருப்பு சாதத்தைக் குழையப் பிசைந்து டப்பா டப்பாவாக அனுப்பிய தோழிகளுக்கும் மனமார்ந்த நன்றி. டப்பாக்கள் எல்லாம் கழுவி வைத்திருக்கிறேன், எது யாருடையது என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
சன்னிவேலிலிருந்து ஓர் அம்மா