கம்பத்துக்கு அணையைத் தாண்டியும் செய்தி உண்டு

ஆசிரியருக்கு,

தேனி மாவட்டத்துக் கம்பம் என்றாலே முல்லைப் பெரியாறு அணை நீர்மட்டம் எத்தனை அடி என்பதோடு எல்லாப் பத்திரிகைகளும் நிறுத்திக்கொள்கின்றன. 1895-இல் பென்னிகுக் கட்டிய அந்த அணையால்தான் இங்கே இருபோக நெல் விளைகிறது, சரி, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மேற்கே கேரள மலைக்கும் கிழக்கே மேகமலைக்கும் நடுவில் கிடக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை என்று ஒன்று இருக்கிறதே, 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த அன்றைக்கு எழுதினீர்கள், அப்புறம் மறந்துவிட்டீர்கள்.

கொடியை வெட்டிக் கவாத்து பண்ணி நாலு மாதம் காத்திருந்து, பழம் கறுத்து வரும் நேரத்தில் ஒரு மழை விழுந்தால் போதும், தோல் வெடித்து ஈ மொய்க்க ஆரம்பித்துவிடும், அன்றைக்கு வியாபாரி சொல்வதுதான் விலை. தோல் மெல்லிசு, வைத்திருந்து விற்க முடியாத பழம். பக்கத்திலேயே குளிர்பதனக் கிடங்கும் சாறு பிழியும் ஆலையும் போதுமான அளவுக்கு வேண்டும் என்று கேட்பது பேராசையா?

இன்னொன்று. விடியும் முன்பே கேரள எல்லை மலையில் இருக்கும் கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை வந்து பாருங்கள். ஜீப்பில் ஒருவர் மடியில் ஒருவராக, தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறார்கள். அந்த நேரத்துக்கு அவர்களுக்கென்று பேருந்து விட வேண்டும். போடி வரை ரயில் வந்துவிட்டது, திண்டுக்கல்–குமுளி ரயில் பாதை மட்டும் இன்னும் கோரிக்கையாகவே கிடக்கிறது. உங்கள் நிருபர் ஒருவரை அறுவடை சமயத்தில் அனுப்பிவையுங்கள்.

– ஒரு வாசகர், கம்பம்