அண்ணாச்சி, தண்ணி எப்படி?

மேலகரம், தென்காசி
26-8-2025

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. குற்றாலத்தில் அருவி கொட்டும் சாரல் சீசன் நேரம், கை ஒழியவில்லை என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். ஆனால் நேற்று திங்கட்கிழமை எங்கள் லாட்ஜில் பதினான்கு அறையில் மூன்றுதான் ஓடியது. நேரம் இருந்தது. நீ கேட்டிருந்த கேள்விக்குத்தான் சட்டென்று பதில் வரவில்லை.

ஐந்தருவி ரோட்டில் பன்னிரண்டு அறை லாட்ஜ் குத்தகைக்கு வருகிறது, ரிட்டயர்மென்ட் பணத்தில் எடுக்கலாமா என்கிறாய். அதோடு நிறுத்தினாயா? "படிச்ச பிள்ளைங்க வேலை இல்லாம ரோட்டுல நிக்குதுன்னு நீ எழுதுறே. லாட்ஜ் ஓனரோ ஆளே கிடைக்கலைன்னு அழுறார். ரெண்டு பேர்ல யாருடே பொய் சொல்றது?" என்று ஒரு கொக்கியும் போட்டிருக்கிறாய். பேங்க் புத்தி உன்னை விட்டுப் போகாது.

ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் எங்கள் ஊர்.

உனக்கு எழுதுவதற்காகப் பழைய சம்பள நோட்டை எடுத்துப் பார்த்தேன். 2019 ஆடி மாசத்தில் எங்கள் லாட்ஜில் பதினோரு பேர். அடுத்து வந்த மாசியில் மூன்று பேர்: நான், வாட்ச்மேன், அறை துடைக்கும் செல்லம்மாள். மற்ற எட்டுப் பேரையும் யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. சாரல் நின்றது, அவர்களும் நின்றார்கள். அவ்வளவுதான். அதற்கு ஒரு கடிதாசி கிடையாது, கணக்கு முடித்தல் கிடையாது. கடைசி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பேட்டாவை வாங்கிக்கொண்டு "வாரேன் அண்ணாச்சி" என்பார்கள். இரண்டு பேர் பிரானூர் மரக்கடைக்குத் தடி தூக்கப் போனார்கள். ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு. புரோட்டா மாஸ்டர் கோட்டயத்துக்கு. ஒருவன் ஐயப்ப பக்தர்களுக்கு வேன் ஓட்ட, ஒருவன் கல்யாண வீடுகளில் பந்தி பரிமாற, ஒருவன் ஷேர் ஆட்டோவுக்கு. எட்டாவது ஆள் எங்கே போனான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த வைகாசியில் எட்டுப் பேரும் திரும்பி வருவதாகத்தான் பேச்சு. வருஷா வருஷம் அப்படித்தான் வந்துகொண்டிருந்தார்கள். அந்த வைகாசி வரவே இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக அருவியை அடைத்தார்கள்; அந்தச் சாரலும் போச்சு, 2021 சாரலும் போச்சு. பேரருவியில் தண்ணி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, கீழே ஒரு தலை கிடையாது. அதைப் பார்த்த அன்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அருவியைத் திறந்த பிறகு எட்டுப் பேருக்கும் போன் போட்டேன். இரண்டு பேர்தான் வந்தார்கள். வெளியூரில் மாசம் பிறந்தால் சம்பளம் என்ற ருசியைப் பார்த்தவன் வானத்தைப் பார்த்து நிற்கும் வேலைக்கு எதற்கு வருவான்?

அதற்குப் பிறகும் சாரல் சரியாக வாய்க்கவில்லை. 2023இல் பருவமழை ஒரு வாரம் பிந்தியது. ஆகஸ்ட்டோ, நாடு முழுக்க எடுத்தால் 1901க்குப் பிறகு அத்தனை வறண்ட ஆகஸ்ட் கிடையாதாம். அந்த ஆகஸ்டிலேயே கோயில் பக்கத்துத் தற்காலிகக் கடைகளில் தீப்பிடித்து வரிசையாக எரிந்தது. கடனுக்குச் சரக்கெடுத்துக் கடை போட்டிருந்தவர்கள், ஏலத்தொகையும் கட்டியாயிற்று. 2024 மே 17இல் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கி, திருநெல்வேலியிலிருந்து குளிக்க வந்த பதினேழு வயதுப் பிள்ளையை அடித்துக்கொண்டு போய்விட்டது. நீயும் நானும் ஆறாம் பீரியடுக்குக் கட் அடித்துவிட்டுப் போய் நின்ற அதே இடம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு வானம் கறுத்தாலே தடை போடுகிறார்கள். போடத்தான் வேண்டும், குறை சொல்ல வாயில்லை. ஆனால் ஒரு நாள் தடை என்றால் டவல் விற்கிறவனுக்கு, எண்ணெய் தேய்க்கிறவனுக்கு, சுக்குக் காபிக்காரனுக்கு, ஆட்டோவுக்கு அன்றைய கூலி கிடையாது. பேரருவியின் பாதுகாப்பு வளைவை, அந்த ஆர்ச்சைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, தண்ணி அதைத் தொட்டால் கூட்டத்தை வெளியே விரட்டுவார்கள். தண்ணி குறைந்து ஓரமாக நூல் போல் வடிந்தாலோ கூட்டமே வராது. நூலுக்கும் ஆர்ச்சுக்கும் நடுவில் எத்தனை நாள் ஓடுகிறதோ, அதுதான் எங்கள் ஊர்ச் சம்பளம்.

முருகனைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேனா? 2012இல் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, "வேலை கிடைக்கிற வரைக்கும்" என்று ரூம் பாயாக வந்தான். மெக்கானிக்கல் டிப்ளமா. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்தால் உதவித்தொகை உண்டு என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். பட்டதாரிக்கே மாசம் 600 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்புக்கு 400. அதுவும் மூன்று வருஷத்துக்குத்தான். அதற்கு விண்ணப்பம் பூர்த்தி செய்யும் அலைச்சலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை டிப்ஸ் மேல் என்று சிரித்தான். ஏழு சாரல் எங்களோடு இருந்தான். இப்போது கோட்டயத்தில் ஒரு ஓட்டலில் சூபர்வைசர். போகிற ரயிலின் பெயரைக் கேள்: பாலருவி எக்ஸ்பிரஸ். நடுராத்திரி தென்காசியில் ஏறினால் விடிந்ததும் கோட்டயம். அருவி ஊரிலிருந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிற வண்டிக்கு அருவியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு மே மாசமும் அவனிடமிருந்து போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி, "அண்ணாச்சி, தண்ணி எப்படி?" இந்த வருஷம் மே 24க்கே பருவமழை கேரளாவில் இறங்கிவிட்டதா, நானும் வாய் நிறைய "வாடே, இந்த வருஷம் நமக்குத்தான்" என்றேன். இரண்டு வாரம் லீவு சொல்லிவிட்டு வந்தான். வந்த அன்று அருவியில் வெள்ளம், தடை. மறுநாளும் தடை. ரிசப்ஷனில் உட்கார்ந்து என்னோடு தினத்தந்தி படித்தான். பள்ளிக்கூட லீவின் கடைசி வாரம் அப்படியே கரைந்தது. ஊருக்குத் திரும்பும்போது அவன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

இசக்கி கதை வேறு. எண்ணெய் மசாஜ் செய்கிறவன். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்ன பிறகு அவன் தொழில் அருவிக்கரையை விட்டுத் தள்ளிப் போய்விட்டது. தீர்ப்பு நியாயம்தான், தண்ணி கெட்டுப்போயிருந்தது. ஆனாலும் அருவியைப் பார்த்தவாறே எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்தவர்கள் சந்துக்குள் தேடிக்கொண்டு வருவார்களா? போன வருஷம் பங்குனியில் எங்கள் தெருவுக்கு வேலைவாய்ப்புக் கணக்கெடுக்க ஒரு தம்பி வந்தார். நல்ல பிள்ளை, பொறுமையாகக் கேட்டார். கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா என்று ஒரு கேள்வி. இசக்கி யோசித்தான். செவ்வாய்க்கிழமை ஒரு ரிட்டயர்டு தாசில்தாருக்கு முதுகு பிடித்துவிட்டிருக்கிறான், நூற்றைம்பது ரூபாய். "ஆமா சார், செஞ்சேன்." முடிந்தது. அந்த வாரக் கணக்கில் இசக்கி வேலையில் இருக்கிறவன். வருஷம் முழுவதையும் வைத்துக் கேட்கிற கேள்வியும் அந்தத் தாளில் இருந்தது. அதிலும் சாரலில் உழைத்ததைச் சொன்னான், சுயதொழில் என்று போனது. நாடு முழுக்க எண்ணுகிறவர்களுக்கு எங்கேயாவது ஒரு கோடு வேண்டும், தெரிகிறது. ஆனால் அடுத்த தடவை வேலையில்லாத் திண்டாட்டம் குறைந்திருக்கிறது என்று பேப்பரில் படித்தால், எங்கள் இசக்கியும் அதில் ஒரு ஆள் என்று நினைத்துக்கொள்.

பெண்கள் பாடு தனி. செல்லம்மாள் காலையில் அறை துடைத்துவிட்டு, பதினொரு மணிக்கெல்லாம் வீட்டுத் திண்ணையில் பீடித்தட்டை மடியில் வைத்துவிடுவாள். இலை வெட்டுவது, தூள் வைத்துச் சுருட்டுவது, நூல் கட்டுவது எல்லாம் பார்க்காமலே நடக்கும். கண் தெருவில் இருக்கும். ஆயிரம் சுற்றினால் இருநூற்றுச் சொச்சம். முன்பு வாரம் ஆறு நாள் இலை கொடுத்தார்கள், இப்போது மூன்று நாலு நாள்தான். ஆனால் ஒன்று பார்த்தாயா, பீடியில் அவளுக்குப் பி.எப். பிடிக்கிறார்கள். எங்கள் லாட்ஜில் பதினாறு வருஷம் வேலை பார்த்ததற்கு ஒரு துண்டுச்சீட்டு கிடையாது. நெஞ்சுக்கு ஆகாத வேலை கொடுக்கிற மரியாதையை டூரிசம் கொடுக்கவில்லை. முதலாளியிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "வருஷத்துல எட்டு மாசம் ஈ ஓட்டுறோம், பி.எப். எங்கிருந்துடே கட்ட?" என்றார். அவர் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

நூறு நாள் வேலை இருக்கிறதே என்று நீ கேட்பாய். அது கிராமப் பஞ்சாயத்துக்குத்தான். குற்றாலம் பேரூராட்சி, இலஞ்சி பேரூராட்சி, எங்கள் மேலகரமும் பேரூராட்சி. பக்கத்துப் பஞ்சாயத்தில் செல்லம்மாளின் தங்கை கார்டு வைத்திருக்கிறாள். 2025-26க்கு நாள் கூலி 336 ரூபாய் என்று அறிவித்திருக்கிறார்கள். செல்லம்மாளுக்கு அது இல்லை. சீசன் இல்லாத காலத்துக்கென்றே செய்தது போன்ற திட்டம், சீசனை நம்பிப் பிழைக்கிற ஊருக்குள் நுழைய முடியவில்லை. ஊர் பெரிசாகிவிட்டது என்று பேரூராட்சி ஆனோம், அதற்கு இந்த அபராதம்.

உள்ளூர் ஆள் கிடைக்காத இடத்தை இப்போது அசாம் பையன்கள் நிரப்புகிறார்கள். எங்களிடமும் இரண்டு பேர். உள்ளூர்க்காரர்கள் "வடக்கன் வந்து வேலையைப் பிடுங்கிட்டான்" என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் தங்குவது மாடிப்படிக்குக் கீழே, வீட்டுக்குப் போவது வருஷம் ஒரு தடவை. தண்ணி வற்றினால் ஏஜென்ட் அவனை அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுவான். ஆரியங்காவு தாண்டிக் கேரளாவுக்கு எங்கள் பையன்கள் எப்படிப் போனார்களோ அப்படித்தான் இவனும் வந்திருக்கிறான்.

மத்தளம்பாறையில் ஜோஹோ சாப்ட்வேர் கம்பெனி இருக்கிறதே, பிள்ளைகள் அங்கே போகலாமே என்று உன் மருமகன் கேட்டானாமே. போகிறவர்கள் போகிறார்கள். என் அண்ணன் மகளும் சாப்ட்வேர் வேலையில்தான் இருக்கிறாள், வீட்டுச் சாப்பாடு, மாசச் சம்பளம், அண்ணி முகத்தில் தனிக் களை. ஆனால் புரோட்டாக்கல் முன்னால் நிற்கிற பையனை அங்கே கொண்டுபோய் உட்காரவைக்க முடியாது.

சரி, உன் லாட்ஜுக்கு வருகிறேன். ஓனர் உன்னிடம் ஜூலை மாசக் கணக்கைக் காட்டியிருப்பார். நீ மாசி, பங்குனிக் கணக்கைக் கேள். டிசம்பர் கணக்கையும் கேள்; ஐயப்ப சீசன் என்று சொல்வார்கள், போன டிசம்பரில் வெள்ளம் வந்து அதுவும் பாழானது. பின்பக்கம் தனி அருவி கட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு. ஓடையைத் திருப்பிச் செயற்கை அருவி விடுகிற ரிசார்ட்டுகள் மேல் 2022இலேயே மதுரைக் கிளை நடவடிக்கை எடுக்கச் சொல்லியாயிற்று. குத்தகைத் தொகையைப் போடும்போது நாலு பேருக்குப் பன்னிரண்டு மாசச் சம்பளத்தை முதல் வரியாகப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு மிச்சம் என்ன நிற்கிறது என்று பார். நின்றால் எடு. அந்த வரி இல்லாமல் லாபம் காட்டுகிற லாட்ஜ்கள் இங்கே நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முட்டிவலிக்கு உன் வீட்டில் சொன்ன தைலத்தைத் தேய்க்கிறோம், வலி போகவில்லை, வாசனை மட்டும் வீடு முழுக்க. ரம்புட்டான் இந்த வருஷம் நன்றாக இருக்கிறது, மங்குஸ்தான் சுமார்தான். யாராவது கோவைப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு விஷயம் மறந்துவிட்டேன். நீ லாட்ஜ் எடுக்கப்போவதை முருகனிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு மறுபடி போன் போட்டான். இந்த முறை தண்ணியைப் பற்றிக் கேட்கவில்லை. "பன்னெண்டு மாசமும் சம்பளம் உண்டா அண்ணாச்சி? இருந்தா வந்துருதேன்" என்றான். மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளை, அவளைப் பார்க்க மாசம் ஒரு முறைதான் வருகிறான். புரட்டாசிக்குள் கோட்டயத்தில் சொல்ல வேண்டுமாம். அவனுக்கு நான் என்ன சொல்ல?

அன்புடன்,
ஆறுமுகம்