ஆறாம் வகுப்பு பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கு ஒரு லெட்டர்

எல்லாருக்கும் வணக்கம்.

ஜூன் 2-ந்தேதி ஸ்கூல் தெறந்தாச்சு, புக்கு நோட்டு எல்லாம் குடுத்தாச்சு, ஆறாவதுல பிள்ளைங்க உக்காந்தாச்சு. நம்ம ஸ்கூல்லயே அஞ்சாவது முடிச்சு மேல வந்தவங்களும் இருக்காங்க, பக்கத்து ஊரு தொடக்கப்பள்ளில டிசி வாங்கிட்டு வந்தவங்களும் இருக்காங்க, எல்லார் வீட்டுக்கும் சேத்துதான் இது. வாட்ஸப் குரூப்ல போட்டா பாதி பேரு படிக்காம தள்ளி விட்டுர்றீங்க, அதான் பிரிண்ட் எடுத்து பையில வெச்சு அனுப்பியிருக்கேன். படிக்க நேரமில்லைன்னா பிள்ளைய சத்தமா வாசிக்க சொல்லி கேளுங்க, முதல் ஹோம்வொர்க் அதுதான்.

அஞ்சாவது வரைக்கும் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே டீச்சர், பிள்ளைக்கு மூக்கு ஒழுகினா கூட அவங்களுக்கு தெரியும். இனிமே பாடத்துக்கு ஒரு டீச்சர், பெல் அடிச்சா ஆள் மாறும், கணக்கு மட்டும் நான் எடுக்கறேன். மூணு பருவம், ஒவ்வொரு பருவத்துக்கும் பரீட்சைக்கு 60 மார்க், மீதி 40 மார்க் அந்த பருவம் முழுக்க கிளாஸ்ல செய்யற வேலைக்கு, சின்ன டெஸ்ட்டுக்கு. அதாவது பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி முழுக்க உக்காந்து படிச்சாலும் அந்த 40 வராது, தினம் ஸ்கூலுக்கு வந்தாத்தான் வரும். நான் உங்ககிட்ட கேக்கறதும் அதுதான். பிள்ளைய தினமும் அனுப்புங்க, வயித்துக்கு ஏதாவது குடுத்து அனுப்புங்க.

வயிறுன்னு சொன்னதுக்கு காரணம் இருக்கு. முதலமைச்சரோட காலை உணவுத் திட்டம் ஒண்ணாவதுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும்தான். போன வருஷம் வரைக்கும் காலைல இங்கயே உப்புமா, கிச்சடி, பொங்கல்னு சாப்ட்ட பிள்ளைக்கு இந்த வருஷம் அது கிடையாது, தம்பி தங்கச்சி சாப்டறத பாத்துக்கிட்டு வராண்டாவுல நிக்குது. மத்தியானம் சத்துணவு இருக்கு, முட்டை இருக்கு, அதுல ஒண்ணும் மாத்தமில்ல. ஆனா ஒம்போது மணிலேர்ந்து பன்னெண்டரை வரைக்கும் என்ன பண்ணும்? ரெண்டாவது பீரியட் முடியறப்போ ரெண்டு மூணு பிள்ளைங்க டெஸ்க்ல தலைய சாச்சுடுதுங்க, என்னடான்னா வயித்து வலி டீச்சர்ங்குது, காலைல என்ன சாப்ட்டேன்னு கேட்டா டீ. நீங்க நாத்து நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் விடிய முன்னாடியே கெளம்பறீங்கன்னு எனக்கு தெரியும், இட்லி சுட்டு வெக்க சொல்லல. பழைய சோத்துல மோரை ஊத்தி ஒரு வெங்காயத்த பக்கத்துல வெச்சுட்டு போங்க, போதும்.

அடுத்தது, அட்மிஷன் அன்னிக்கு ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தர் சொல்றது, "கண்ண மட்டும் விட்டுட்டு மீதி தோல உரிச்சுடுங்க டீச்சர்". பாசத்துல சொல்றீங்க, நம்பி ஒப்படைக்கறீங்க, புரியுது. ஆனா நாங்க உரிக்க மாட்டோம். 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 17-வது பிரிவே இதுக்குத்தான் இருக்கு, பிள்ளைய அடிக்கவும் கூடாது, மனசு நோகற மாதிரி பேசவும் கூடாது. சட்டத்த விடுங்க, அடி வாங்கற பிள்ளை எந்த தப்ப எப்படி மறைக்கறதுன்னு கத்துக்குதே தவிர கணக்கு கத்துக்கறதில்ல, இது நான் கிளாஸ்ல கண்ணால பாத்தது. ஹோம்வொர்க் செய்யலன்னா சாப்பாட்டு பெல்லுக்கு முன்னாடி என் பக்கத்துல உக்காந்து செஞ்சு முடிக்கணும், சண்டை போட்டா ரெண்டு பேரும் நடந்தத எழுதிக் குடுக்கணும், திரும்ப திரும்ப நடந்தா உங்களுக்கு போன் வரும். அவ்ளோதான் தண்டனை. போன் வந்ததும் வீட்டுல வெச்சு வெளுத்துடாதீங்க, அப்புறம் எனக்கு போன் பண்ணவே பயமா இருக்கும்.

"நான் படிக்காதவ, எனக்கென்ன தெரியும், நீங்களே பாத்துக்கோங்க"ன்னு சொல்ற அம்மாக்களுக்கு தனியா ஒரு விஷயம். நோட்ட பாக்க எழுத்து தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. நோட்ட நடுவுல விரிங்க, பின் அடிச்ச இடத்துல தாள் தளதளன்னு ஆடினா நடு பேப்பர கிழிச்சிருக்காங்கன்னு அர்த்தம், ராக்கெட் விட்டிருப்பாங்க இல்லன்னா தப்பா போட்ட கணக்க ஒளிச்சிருப்பாங்க. கடைசியா எழுதின பக்கத்துல செவப்பு இங்க்ல டீச்சர் போட்ட டிக் இருக்கா பாருங்க, நாலு பக்கமா செவப்பே இல்லன்னா பிள்ளை நோட்டு வெக்கலன்னு அர்த்தம், இல்ல நாங்க திருத்தலன்னு அர்த்தம், எதுவா இருந்தாலும் வந்து கேளுங்க, எங்கள கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

கணக்குலயே முதல் பருவத்துல விகிதம்னு ஒரு பாடம் வருது. மாவுக்கு நாலு டம்ளர் அரிசின்னா ஒரு டம்ளர் உளுந்து, எட்டு டம்ளர் அரிசின்னா எவ்ளோடீன்னு ஊற வெக்கறப்போ கேளுங்க, பாடத்துல இருக்கறது அதேதான். இந்த வருஷம் அல்ஜீப்ராவும் ஆரம்பிக்குது, எண்ணு இருக்க வேண்டிய இடத்துல எழுத்து வந்து உக்காந்துக்கும், மொத பத்து நாளு பிள்ளைங்க முழிக்கும், பயந்துடாதீங்க, டியூஷனுக்கும் ஓடாதீங்க. அறிவியல்ல முதல் பாடமே அளவீடுகள், வீட்டு வாசல, கட்டில, ஆட்டுக்குட்டியோட கயித்த எல்லாம் அளக்கறேன்னு ஸ்கேல தூக்கிட்டு சுத்துனா திட்டாதீங்க, அது ஹோம்வொர்க்.

லீவு விஷயம் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். காய்ச்சல்னா அனுப்ப வேணாம், 9.30-க்குள்ள ஒரு போன் போட்டு சொல்லிடுங்க. கோயில் திருவிழாவுக்கு ஒரு நாள் சரி, ஒரு வாரம் சரியில்ல. பொண்ணுங்க விஷயத்துல தான் எனக்கு ஆதங்கம் அதிகம். ஆறாவது ஏழாவதுல தான் பெரியவளாவாங்க, சடங்கு, பந்தல், பேனர், தாய்மாமன் சீரு, மண்டபம் கெடைக்கற தேதின்னு ஒரு மாசம் வீட்டுலயே உக்கார வெச்சுடறீங்க. திரும்பி வர்றப்போ கூட படிக்கறவங்க ரெண்டு பாடம் தாண்டியிருப்பாங்க, அந்த பொண்ணு வாய தெறக்க மாட்டேங்குது. விசேஷம் பண்ணுங்க, வேணாம்னு சொல்ல நான் யாரு, ஆனா உடம்பு தேறினதும் அனுப்பிடுங்க, மண்டபத்துக்கு தேதி வர்றப்போ ஒரு நாள் லீவு எடுத்துக்கலாம். நாப்கின் ஸ்கூல்ல இருக்கு, எந்த மேடம்கிட்ட வேணா கேக்கலாம்.

கையில கலர் கயிறு வேணாம். சாமி கயிறுதான் டீச்சர்னு சொல்லுவீங்க, எந்த கலரு எந்த தெருன்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும் பிள்ளைங்களுக்கும் தெரியும். 2023-ல நாங்குநேரில சாதிய காரணமா வெச்சு ஒரு பையன வீடு புகுந்து வெட்டுனது கூட படிச்ச பசங்கதான், அதுக்கப்புறம் அரசு போட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல குடுத்த அறிக்கையில பள்ளிக்கூடத்துல இந்த கயிறு, மோதிரம், நெத்திக் குறி எதுவும் கூடாதுன்னு எழுதியிருக்காங்க. நம்ம கிளாஸ்ல வாரா வாரம் எடம் மாத்தி உக்கார வெப்போம், சாப்பாட்டுக்கு ஒரே வரிசை. "எம்பிள்ளைய அவன் பக்கத்துல உக்கார வெக்காதீங்க"ன்னு யாரும் என்கிட்ட வராதீங்க, டீ குடுத்து அனுப்புவேன், எடத்த மாத்த மாட்டேன்.

ஏழாவதுக்கு மெட்ரிக்குல போடலாமான்னு யோசிக்கறவங்க இத தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. மருத்துவப் படிப்புல அரசுப் பள்ளி பிள்ளைங்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு, காலேஜ் போறப்போ பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன்னு மாசம் 1000 ரூபா, இதுக்கெல்லாம் ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் எங்க படிச்சாங்கன்னுதான் பாப்பாங்க, கணக்கு இந்த வருஷத்துலேர்ந்து ஆரம்பிக்குது. எட்டாவதுல என்எம்எம்எஸ்னு மத்திய அரசோட உதவித்தொகை பரீட்சை வேற இருக்கு, பாஸாகி லிஸ்ட்ல வந்தா ஒம்பதாவதுலேர்ந்து நாலு வருஷத்துக்கு வருஷம் 12,000 ரூபா பிள்ளை அக்கவுண்ட்லயே ஏறும், அதுக்கு ஏழாவது மார்க்கையும் பாப்பாங்க.

மத்த சில்லறை விஷயம். தங்கம் போட்டு அனுப்பாதீங்க, தொலைஞ்சா தேடித் தர எங்களால ஆகாது. போன் குடுத்து அனுப்பாதீங்க. குரூப்ல குட்மார்னிங் படம் வேணாம், ராத்திரி பத்து மணிக்கு மேல வாய்ஸ் மெசேஜும் வேணாம், அவசரம்னா நேரா கூப்டுங்க எடுப்பேன்.

வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் 3 மணிக்கு ஆறாவது பெற்றோர் கூட்டம். அப்பாக்களும் வாங்க, வருஷா வருஷம் அம்மாக்கள் மட்டும்தான் வர்றாங்க. ஆதார், பேங்க் பாஸ்புக், சாதிச் சான்றிதழ் மூணுக்கும் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க, பாஸ்புக்ல பேரும் ஆதார்ல பேரும் ஒரே மாதிரி இருக்கான்னு வீட்டுலயே பாத்துடுங்க, இனிஷியல் மாறினா கூட ஊக்கத்தொகை நின்னுடுது. வேலை நாளுன்னு வர முடியலன்னா சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு ஆபீஸ் ரூம்ல இருப்பேன், அப்போ வாங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியை,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி