செட்டல் பண்ண எவ்வளவு ஆகும் என்று கேட்டாயே, தம்பி

தம்பி,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நானும் அப்பாவும் கேட்டோம். கோலாலம்பூர் பங்சாரில் குடித்துவிட்டுக் காரை ஓட்டிக்கொண்டு வரும்போது உன் கூட்டாளி போலீஸ் ரோட்பிளாக்கில் மாட்டிக்கொண்டான், "அம்மா, நீங்கதான் காலம் பூரா இன்சூரன்ஸ் கவுண்டர்ல உட்கார்ந்திருக்கீங்களே, இதை செட்டல் பண்ண எவ்வளவு ஆகும்" என்கிறாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், அந்தப் பையனுக்கும் படித்துக் காட்டு.

முதலில் உன் கேள்விக்குப் பதில். செட்டல் என்று ஒன்று இதில் கிடையாது. வேகமாக ஓட்டியதற்கு வருகிற சமன் (அபராதச் சீட்டு) மாதிரி, ஆன்லைனில் கட்டிவிட்டு மறந்துவிடுகிற விஷயம் இல்லை இது. குடித்துவிட்டு ஓட்டினால் கம்பவுண்ட், அதாவது கோர்ட்டுக்குப் போகாமலே காசு கட்டி முடிப்பது, கிடையாது, கோர்ட்டுக்குப் போயே ஆகவேண்டும். இல்லை, நீ சொன்ன செட்டல் அந்த ரோட்பிளாக்கிலேயே ஐம்பதோ நூறோ மடித்துக் கொடுக்கிற காப்பிக் காசு என்றால், அந்த நினைப்பை இப்போதே விடு. 2009ஆம் வருஷத்து ஊழல் தடுப்புச் சட்டத்தில் வாங்குகிறவன் எப்படிக் குற்றவாளியோ அப்படியே கொடுக்கிறவனும் குற்றவாளி, 20 வருஷம் வரை சிறை. குடித்ததற்கு ஒரு கேஸ் போதாதென்று அதைவிடப் பெரிய கேஸைத் தானே தேடிப் போய் வாங்கிக்கொள்வதா?

அவன் எதில் மாட்டியிருக்கிறான் என்று சரியாகத் தெரிந்துகொள். மலேசியாவின் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தை 2020இல் திருத்தினார்கள், அக்டோபர் 23இலிருந்து அமலுக்கு வந்தது. அந்த வருஷம் குடித்துவிட்டு ஓட்டியவர்கள் அடித்து ஆட்கள் சாவது பேப்பரில் அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தது, ஜனங்களும் கொதித்துப் போயிருந்தார்கள், அதன் பிறகுதான் இவ்வளவு கடுமை. இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம் என்று இருந்த அளவை 50க்குக் கொண்டுவந்தார்கள், மூச்சில் என்றால் 35 மைக்ரோகிராம் 22 ஆனது. அதைத் தாண்டினாலே, யாரையும் இடிக்காவிட்டாலும், முதல் தடவைக்கே 10,000 முதல் 30,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், கூடவே 2 வருஷம் வரை சிறையும் போடலாம், லைசென்ஸ் குறைந்தது 2 வருஷத்துக்குப் போய்விடும். இரண்டாம் தடவை என்றால் 20,000 முதல் 50,000, சிறை 5 வருஷம் வரை. ஆள் செத்துப்போனால் 10 முதல் 15 வருஷம் சிறை, 50,000 முதல் ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், பத்து வருஷத்துக்கு ஸ்டீரிங்கைத் தொட முடியாது. இதில் 10 வருஷம் என்பது குறைந்தபட்சம், நீதிபதி பரிதாபப்பட்டாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. "ரொம்பக் கடுமையா இருக்கே" என்று அப்பா சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து செத்தவர்களின் பாரங்களை நிரப்பிக் கொடுப்பவளுக்கு அப்படித் தோன்றாது.

இன்னொன்று, "காரை ஓட்டலையே, சும்மா உள்ளே படுத்திருந்தேன்" என்று நம்ம பையன்கள் நிறையப் பேர் சொல்வார்கள். போதையில் சாவியோடு காரில் உட்கார்ந்திருப்பதும் இந்தச் சட்டத்தில் தனிக் குற்றம்தான். ஓட்டுகிற எண்ணமே இல்லை என்று நீதான் கோர்ட்டில் நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டும். தூங்க வேண்டுமா, சாவியைக் கடைக்காரரிடமோ தெளிவாக இருக்கிற கூட்டாளியிடமோ கொடுத்துவிட்டு வேறெங்காவது போய்த் தூங்கு.

சரி, உரிமைகளுக்கு வருகிறேன், நீ அதையும் கேட்டாய், கேட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். நிறுத்துகிறவர் யூனிபாரத்தில் இருந்தால் நெஞ்சில் இருக்கும் பேரையும் நம்பரையும் பார்த்து மனதில் வைத்துக்கொள். சாதாரண உடையில் இருந்தால் அதிகார அட்டையைக் காட்டச் சொல்லலாம், மரியாதையாகக் கேள், முறைத்துக்கொண்டு கேட்காதே. இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலே உள்ளவர்களும் என்றால் அட்டை நீல நிறம், அதற்குக் கீழே என்றால் மஞ்சள். சிவப்பு என்றால் வேலையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவர், உன்னை நிறுத்த அவருக்கு அதிகாரமே கிடையாது. கைது செய்தால் எதற்கு என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒரு போன், வக்கீலுக்கு ஒரு போன், இரண்டுக்கும் உனக்கு உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்கு மேல் பாலாயில் (போலீஸ் ஸ்டேஷனில்) வைத்திருக்க வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும், அது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. பேர், விலாசம், ஐசி (அடையாள அட்டை) நம்பரைச் சொல்லிவிட்டு, எங்கே குடித்தாய், எத்தனை பாட்டில், யாரோடு என்பதற்கெல்லாம் "வக்கீல் வந்த பிறகு பேசுகிறேன்" என்று சொல்லலாம். ஆனால் மூச்சுச் சோதனை அந்தக் கணக்கில் வராது. வாயை மூடிக்கொள்ள உரிமை உண்டு, மூச்சை அடக்கிக்கொள்ள உரிமை இல்லை. தகுந்த காரணமில்லாமல் ஊத மறுத்தால் அதுவே ஒரு குற்றம். ஊத மாட்டேன் என்று வீரம் காட்டினால் தப்பிக்கலாம் என்று இன்டர்நெட்டில் எவனோ வெளிநாட்டுக்காரன் சொல்வதைக் கேட்டுவிட்டு இங்கே வந்து செய்யாதே.

உன் கூட்டாளி செய்ய வேண்டியது ஒன்றுதான். வக்கீலைப் பார்க்காமல் முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொண்டு வேலையை முடித்துவிடலாம் என்று அவசரப்படக்கூடாது. காசில்லை என்றால் தேசிய சட்ட உதவி அறக்கட்டளை இருக்கிறது, ஒய்.பி.ஜி.கே. என்பார்கள், கைதானவர்களுக்கு இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். அவன் அம்மா அப்பாவிடம் அவனே சொல்லட்டும், நீ போய்ச் சொல்லாதே.

இனி நீ கேட்காத கேள்வி, செலவு. எல்லாரும் அபராதத்தைத்தான் பார்க்கிறார்கள். என் கவுண்டரில் நான் பார்த்தது வேறு.

பினாங்கில் பிறை என்கிற ஊர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர் ஒருவர், ரொம்ப நாளாக என்னிடம்தான் ரோட் டேக்ஸ் புதுப்பிப்பார், அமைதியான மனிதர். ஒரு நாள் வந்து இன்சூரன்ஸ் கம்பெனிக் கடிதத்தை நாலாக மடித்துக் கவுண்டரில் வைத்தார். முந்தின நாள் ராத்திரி சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் குடித்திருக்கிறார், நள்ளிரவில் போய்ப் படுத்துத் தூங்கியும் இருக்கிறார், காலையில் குளித்து, கோப்பி குடித்து, வேலைக்குக் கிளம்பி, வழியில் டிவைடரில் மோதி கார் நொறுங்கிவிட்டது. அவருக்குக் காலில் அடி, ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், அளவு தாண்டியிருந்தது. "நான் அப்போ குடிக்கலையே அக்கா, தெளிவாத்தானே இருந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார், பொய் சொல்கிற முகமாக எனக்குத் தெரியவில்லை.

கணக்கைப் பார் தம்பி. பெரிய பாட்டில் பியர் ஒன்று 640 மில்லி, 5 சதவீதம் என்றால் ஏறக்குறைய 25 கிராம் ஆல்கஹால். மூன்று பாட்டில் என்றால் 75 கிராம். 70 கிலோ ஆளுக்கு, மளமளவென்று குடித்தால், இரத்தத்தில் 150 மில்லிகிராம் வாக்கில் ஏறும். உடம்பு ஒரு மணி நேரத்துக்கு 15 வாக்கில்தான் குறைக்கும், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். நள்ளிரவில் 150 என்றால் காலை ஆறு மணிக்கு 60. கோப்பி, குளியல், பனடோல், தலையில் எலுமிச்சை எதுவும் அதை வேகப்படுத்தாது, தூக்கம் மட்டும் கலையும்.

அந்தக் கடிதத்தில் இருந்தது இதுதான்: சட்ட அளவைத் தாண்டிக் குடித்துவிட்டு ஓட்டியதால் சொந்தக் காருக்கான இழப்பீடு இல்லை. எல்லாப் பாலிசியிலும் அந்த வரி இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. அடிபட்ட மூன்றாம் ஆளுக்குச் சட்டப்படி கம்பெனி கொடுத்தாலும், கொடுத்ததை உன்னிடமிருந்து திரும்ப வாங்கவும் வழி வைத்திருக்கிறார்கள். காருக்கோ ஒன்பது வருஷ லோன், பாதிகூட முடியவில்லை. இரும்புக் கடைக்குப் போன காருக்கு இன்னும் மாசாமாசம் பேங்கில் கட்டிக்கொண்டிருக்கிறார், அதற்கு மேல் அபராதம், வக்கீல் காசு, லைசென்ஸ் இல்லாமல் ஷிப்டுக்குப் போக கிராப் வாடகைக் கார். இப்போது அவர் சம்சாரம்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறது.

ராத்திரி ஒரு மணிக்குக் கிராப் 50 வெள்ளி கேட்கிறான் என்று நீ போன மாசம் புலம்பினாய். கேட்டால் கேட்கட்டும், கொடு.

உன் சொந்தக் காருக்கு வருவோம். உனக்கு இந்த வருஷத்தோடு என்.சி.டி., அதாவது கிளைம் போடாமல் இருப்பதற்கு பிரிமியத்தில் கொடுக்கிற கழிவு, 55 சதவீதம் ஆகப்போகிறது. முதல் வருஷம் 25, அப்புறம் 30, 38.33, 45 என்று ஏறி இந்த இடத்துக்கு வந்திருக்கிறது, உன் தப்பால் ஒரு கிளைம் போட்டால் மொத்தமும் பூஜ்யம். பிரிமியம் 2,000 என்று வைத்துக்கொண்டால் இப்போது 900 கட்டுவாய், அது போனால் முழு 2,000. 1.5 லிட்டர் மைவி காருக்கு ரோட் டேக்ஸ் 90 வெள்ளிதான், ஜனங்கள் அதற்குத்தான் முகம் சுளிக்கிறார்கள், வேடிக்கை.

யாராவது உன்னை இடித்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் போட வேண்டும். ஆள் அடிபடாமல் தப்பு எதிராளியுடையது என்றால் கே.எப்.கே. என்று ஒரு கிளைம் இருக்கிறது, உன் கம்பெனியிலேயே போடலாம், என்.சி.டி. போகாது. அதற்குள் கூப்பிடாமலே ஒரு இழுவை லாரி வந்து நிற்கும், "பாஸ், எல்லாம் நான் பார்த்துக்கிறேன், இங்க சைன் பண்ணுங்க" என்பான். போடாதே. எங்கள் காரையே ஒருத்தன் இப்படி இழுத்துக்கொண்டு போய் எங்கேயோ ஒரு பட்டறையில் வைத்துவிட்டு, வெளியே எடுக்க அப்பாவிடம் காசு கறந்தான், அப்பா இன்னும் அதை நினைத்துத் திட்டுவார். இன்சூரன்ஸ் கம்பெனியின் அவசர நம்பரைப் போனில் போட்டு வை, பிளஸ் கம்பெனியின் நெடுஞ்சாலையில் என்றால் அவர்களின் ரோந்துக்காரர்களைக் கூப்பிடு.

நீ குடித்திருக்கும்போது கூட்டாளி உன் காரை ஓட்டிக்கொண்டு வருவது நல்ல விஷயம்தான், ஆனால் பாலிசியில் பேர் இல்லாத ஆள் ஓட்டி இடித்தால் 400 வெள்ளி நம் கையிலிருந்து போகும். புதுப்பிக்கும்போது உன் ரூம்மேட் பேரையும் சேர்த்துவிடுகிறேன், அவன் குடிக்காத பையன்தானே, ஐசியும் லைசென்ஸும் போட்டோ பிடித்து அனுப்பு. எடுத்ததைப் பார்த்துவிட்டு அனுப்பு, போன தடவை உன் கட்டை விரல்தான் தெரிந்தது.

அப்புறம், மாமா வீட்டுக் கல்யாணத்து விருந்து பட்டர்வொர்த்தில்தான், மேசைக்கு மேசை பாட்டில் இருக்கும், உன்னைக் குடிக்காதே என்று நான் சொல்லப்போவதில்லை, அப்பாவும் அன்றைக்கு ரெண்டு கிளாஸ் போடாமல் விடமாட்டார். ஆனால் கோலாலம்பூரிலிருந்து காரில் வராதே. இ.டி.எஸ். ரயில் டிக்கெட் இப்போதே எடு, அந்த வாரம் பள்ளி விடுமுறை, சீட் பறந்துவிடும். விருந்துக்குக் காரை நான் ஓட்டுகிறேன், திரும்பி வரும்போதும் நான்தான்.

அம்மா