மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு

அன்புள்ள டீச்சர்,

திங்கட்கிழமையிலிருந்து என் மகள் உங்கள் வகுப்புக்கு வருகிறாள். நேற்று பள்ளி வாசலில் பார்த்தபோதே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் மணி அடித்துவிட்டது, நீங்களும் நோட்டுக் கட்டோடு நின்றீர்கள், அவளை வைத்துக்கொண்டு பேச எனக்கும் மனம் வரவில்லை. இதே மாதிரி பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பும் வேறு யாருக்காவது பயன்படட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன், தவறாக நினைக்காதீர்கள்.

நீங்கள் கேட்கத் தயங்கியதை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஒட்டாது. அவளுக்கு வந்தது ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். என்பார்கள், குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். எலும்பு மஜ்ஜைக்குள் முதிராத வெள்ளை அணுக்கள் கண்டபடி பெருகி மற்ற அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்தால், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டால் எல்லாம் வராது. (வேறொரு பள்ளியில் சேர்க்கக் கேட்டபோது "அடுத்த வருஷம் பார்க்கலாமே, மற்ற பேரன்ட்ஸ் பயப்படுவாங்க" என்றார்கள்.)

முதல் மாதம்தான் கொடுமை. ஸ்டீராய்டு மாத்திரையில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உருளைக்கிழங்கு வறுவல் வேண்டும் என்று அழுவாள், முகம் உப்பிவிட்டது, தெருவில் பார்த்தவர்கள் "பாப்பா நல்லா சதை போட்டுட்டாளே" என்றார்கள். ஆனால் அந்த மாதக் கடைசியில் எடுத்த மஜ்ஜைப் பரிசோதனையில் கெட்ட அணுக்கள் தெரியவில்லை. அதோடு மருந்தை நிறுத்தினால் திரும்பிவிடும், அதனால்தான் மொத்த வைத்தியம் இரண்டு, இரண்டரை வருஷம் இழுக்கிறது. இப்போது நடப்பது மெயின்டனன்ஸ், அதாவது நோய் திரும்பாமல் பார்த்துக்கொள்ளும் கட்டம். தினமும் இரவு ஒரு மாத்திரை, வாரத்துக்கு ஒரு நாள், எங்களுக்கு வெள்ளிக்கிழமை, மெத்தோட்ரெக்சேட். ஆகவே சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வைத்தால் அவளை எதிர்பார்க்காதீர்கள், சுருண்டு கிடப்பாள். மெத்தோட்ரெக்சேட்டுக்கு அக்கா மாதிரி ஒரு மருந்து, அமினோப்டெரின். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு அமெரிக்காவில் உருவாக்கியது. அதைப் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பத்துப் பேருக்கு நோய் கொஞ்ச காலம் தணிந்தது என்று 1948-இல் எழுதினார். அதற்கு முன் வந்த பிள்ளைகளுக்கு வாரக் கணக்கு, மாதக் கணக்குதான். இன்றைக்கு வசதியான நாடுகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

அப்புறம் அவள் கையெழுத்து. கோடு தாண்டிப் போகும், சட்டைப் பொத்தான் போடவும் நேரமாகும், மாடிப்படியில் கால் தடுக்கும். சோம்பேறித்தனம் இல்லை, வின்கிறிஸ்டின் என்ற ஊசி கை கால் நரம்புகளைத் தளர்த்திவிடுகிறது, மெல்ல மெல்லத் தேறும் என்கிறார் டாக்டர். உங்கள் கொடிக்கம்பத்தைச் சுற்றி வைத்திருக்கிறீர்களே நித்யகல்யாணி, அதிலிருந்து எடுப்பதுதான் அந்த மருந்து. என் மாமியார் சுடுகாட்டுப் பூ என்று வாசலில் வைக்கவே விடமாட்டார். இப்போது அவரே இரண்டு செடி கொண்டுவந்து நட்டிருக்கிறார், ஏன் என்று நான் கேட்கவில்லை. எழுத நேரம் கொடுங்கள், போதும். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தால் தாராளமாகத் திட்டுங்கள். இரண்டு வருஷமாக அவளை யாருமே திட்டவில்லை டீச்சர், ரொம்பத்தான் ஆகிவிட்டது.

இரண்டு விஷயத்தில் மட்டும் தாமதிக்காதீர்கள். உடம்பு சுட்டால் பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைக்க வேண்டாம், மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். கவுண்ட், அதாவது ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, குறைந்திருக்கும்போது சாதாரணக் கிருமிகூட சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும், உடனே கூப்பிடுங்கள். இன்னொன்று அம்மை. நம் ஊரில் பிள்ளைக்கு அம்மா வந்திருந்தால் வேப்பிலை கட்டிவிட்டு வெளியே சொல்ல மாட்டார்கள், லீவு லெட்டரில் காய்ச்சல் என்று எழுதுவார்கள். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது பரவ ஆரம்பித்துவிடும். மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் இறங்கிவிடுகிற அது இவளுக்கு நுரையீரல் வரை போகலாம். அன்றைக்கே தெரிந்தால் ஆஸ்பத்திரியில் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். அதனால் வகுப்பில் யார் நான்கு நாள் வரவில்லை என்றாலும் கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள், பெயர்கூட எனக்கு வேண்டாம்.

பிள்ளைகள் கேட்டால் அவளே சொல்லட்டும். ஆஸ்பத்திரியில் தனக்குச் செய்கிற மாதிரியே வீட்டில் பொம்மையை "இறால் மாதிரி சுருண்டு படு, அசையாதே" என்று படுக்க வைத்து முதுகில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள், நம்மைவிட நன்றாகவே விளக்குவாள்.

முடி ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது. மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு வருவாள். கழற்றச் சொல்லாதீர்கள், இரண்டு நாளில் அவளே எங்கேயாவது தொலைத்துவிடுவாள்.

அவள் அம்மா