தவணை மாறவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்

வீட்டுக் கடன் தரும் வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். முதல் வீடு வாங்குகிறவர்களின் கடன் தாள்களைப் படித்துக் கணக்குப் பார்த்துத் தருகிறவர்கள் நாங்கள். மடல் உங்களுக்குத்தான். ஆனால் கடன் வாங்கப் போகிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் வெளிப்படையாக எழுதுகிறோம்.

வட்டி ஏறும்போது நீங்கள் அனுப்பும் குறுஞ்செய்தியிலிருந்து தொடங்குகிறோம். வட்டி விகிதம் திருத்தப்பட்டுள்ளது, மாதத் தவணையில் மாற்றமில்லை என்று இரண்டு வரி இருக்கும். வந்த செய்தியைப் படித்தவர் நிம்மதியாகப் போனைக் கீழே வைத்துவிடுகிறார். அந்த இரண்டு வரியில் சொல்லாமல் விட்டது என்ன என்பதைக் கணக்காகவே வைக்கிறோம்.

கடன் 50 லட்சம், வட்டி 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். நாணயம் எதுவானாலும் விகிதம் இதேதான். மாதத் தவணை 43,391. கடன் வாங்கிய கொஞ்ச நாளிலேயே வட்டி 9.5 ஆகிறது, தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டுகிறீர்கள். 240 தவணையில் முடிய வேண்டிய கடன் 309 தவணைக்குப் போகிறது. ஒரே ஒரு சதவீதத்துக்கு ஐந்தே முக்கால் ஆண்டு கூடுகிறது. காலத்தை அப்படியே வைத்துத் தவணையைக் கூட்டியிருந்தால் மாதம் 46,607 கட்ட வேண்டியிருக்கும், அதாவது 3,216 கூடுதல். இரண்டு வழியிலும் கட்டி முடிக்கும் மொத்தத் தொகைக்கு நடுவே இருக்கும் வித்தியாசம் சுமார் 22 லட்சம்.

இன்னொரு சதவீதம் ஏறி 10.5 ஆனால் நிலைமை வேறு. 50 லட்சத்துக்கு ஒரு மாத வட்டியே 43,750. தவணை 43,391. வட்டிக்கே 359 குறைகிறது. அது அசலோடு சேர்கிறது. அடுத்த மாதம் வட்டி இன்னும் கொஞ்சம் கூடும். மாதம் தவறாமல் கட்டிக்கொண்டே இருப்பவரின் கடன் மாதாமாதம் வளர்கிறது. இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. கனடாவின் மைய வங்கி 2022 மார்ச்சில் 0.25 சதவீதமாக இருந்த வட்டியை 2023 ஜூலையில் 5 சதவீதத்துக்குக் கொண்டுபோனபோது, மாறும் வட்டியும் மாறாத தவணையும் கொண்ட கடன்களை வாங்கியிருந்தவர்கள் பலருக்கு இதுதான் நேர்ந்தது.

இந்திய ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 தேதியிட்ட சுற்றறிக்கையில் இதற்கு ஒரு வழி வைத்தது. வட்டி மாற்றியமைக்கப்படும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். காலத்தை நீட்டுவதால் அசல் வளரும் நிலை வரக் கூடாது. எந்த நாட்டில் இருந்தாலும் இதை நீங்கள் சட்டம் சொல்லாமலே செய்யலாம். நாங்கள் கேட்பது ஒரே ஒரு பக்கம். இன்றைய அசல் பாக்கி, பழைய வட்டி, புதிய வட்டி, தவணையைக் கூட்டினால் எவ்வளவு, கூட்டாவிட்டால் எத்தனை தவணை மிச்சம், இரண்டு வழியிலும் இனிக் கட்டப்போகும் மொத்தம் எவ்வளவு. பதில் சொல்ல 15 நாள் கொடுங்கள். பதில் வராவிட்டால் காலம் நீளும் என்று இன்று இருக்கும் பழக்கத்தை மாற்றி, தவணை கூடும் என்று வையுங்கள். மாதம் 3,216 கூடினால் உடனே வலிக்கும், அதனால் அவர் கவனிப்பார். 69 மாதம் கூடினால் யாருக்கும் வலிக்காது. ஓய்வு பெறும் வயதில்தான் தெரியவரும்.

இனி, கடன் கொடுக்கும் இடத்துக்கு வருவோம்.

"உங்களுக்கு எவ்வளவு வரை கிடைக்கும்" என்றுதான் உங்கள் கிளையில் பேச்சு ஆரம்பிக்கிறது. எவ்வளவு கிடைக்கும் என்பது வேறு, எவ்வளவு தாங்கும் என்பது வேறு. கனடாவில் ஒப்பந்த வட்டியோடு 2 சதவீதம் கூட்டி வரும் விகிதம், 5.25 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதில் தவணை கட்ட முடியுமா என்று சோதித்துத்தான் கடன் தருகிறார்கள். நம் கணக்கில் அந்தச் சோதனைத் தவணை, 10.5 சதவீதத்தில், 49,919. கையில் வரும் சம்பளத்தில் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் கருத்து. அப்படிப் பார்த்தால் 43,391 தவணைக்கு மாதம் 1.24 லட்சம் கையில் வர வேண்டும். இருவர் சம்பளத்தைச் சேர்த்துக் கடன் தரும்போது, ஒருவர் சம்பளம் ஓர் ஆண்டு நின்றால் என்ன ஆகும் என்ற கேள்வியையும் விண்ணப்பத்திலேயே அச்சடித்துக் கேளுங்கள். குழந்தை பிறப்பதும் வேலை மாறுவதும் 20 ஆண்டுக்குள் நடக்காமல் இருக்காது.

தாங்குமா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. வீடு பார்க்கத் தொடங்கும் முன்பே ஆறு மாதம், வரப்போகும் தவணையிலிருந்து இப்போது தரும் வாடகையைக் கழித்து, மிச்சத்தைத் தனிக் கணக்கில் போட்டு வர வேண்டும். நடுவில் ஒரு மாதம்கூட அதிலிருந்து எடுக்க நேராவிட்டால் அந்தத் தவணை தாங்கும். எடுக்க நேர்ந்தால் கடனைக் குறைக்க வேண்டும், அல்லது வீட்டைச் சின்னதாக்க வேண்டும். இப்படிச் சேரும் பணம் பத்திரப்பதிவுக்கு ஆகும்.

பத்திரப்பதிவு என்றதும் இதையும் சொல்ல வேண்டும். விலையில் 80 சதவீதம் கடன் என்றால், 62.5 லட்ச வீட்டுக்கு 12.5 லட்சம் கையிலிருந்து போட்டால் போதும் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், வக்கீல் கட்டணம், மதிப்பீட்டாளர் கட்டணம், உங்கள் பிராசஸிங் கட்டணம், தரகு, குடி போகும் முன் ஆகும் மின்வேலை, மரவேலை எல்லாம் அதற்கு வெளியே நிற்கின்றன. கடைசி வாரத்தில் பணம் பற்றாமல் தனிநபர் கடன் வாங்குகிறார்கள். அதன் வட்டி வீட்டுக் கடனைவிட மிக அதிகம், காலமோ மூன்று நான்கு ஆண்டுதான். முதல் மாதத்திலேயே இரண்டு தவணை கழுத்தில் ஏறுகிறது. செலவுகள் எல்லாம் சேர்ந்த பட்டியலைக் கடன் அனுமதிக் கடிதத்தோடு கொடுங்கள். அது இல்லாமல் அனுமதி கொடுப்பது அரைக் கணக்கு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014-இல் வந்த வீட்டுக் கடன் விதிகளின்படி, கடனின் விவரங்களை ஒரே மாதிரியான படிவத்தில் முன்கூட்டியே தர வேண்டும். யோசிக்கவோ பின்வாங்கவோ குறைந்தது 7 நாள் தர வேண்டும். முதல் வீடு வாங்குகிறவருக்கு இந்த 7 நாள் பெரிய விஷயம். நாற்பது ஐம்பது பக்கத்தை மேலாளர் முன்னால் உட்கார்ந்துகொண்டு யாரும் படிக்க முடியாது.

அந்தப் பக்கங்களுக்குள் ஒளிந்திருப்பவற்றில் அடிக்கடி கண்ணில் படுவது காப்பீடு. கடன் வாங்கியவர் இறந்தால் குடும்பத்தின் தலையில் கடன் விழாமல் இருக்கக் காப்பீடு வேண்டும், அதில் மறுப்பில்லை. முழுக் காலத்துக்கும் ஒரே தடவையில் வாங்கும் ஒற்றைப் பிரீமியத்தைக் கடனோடு சேர்ப்பதைத்தான் கேள்வி கேட்கிறோம். ஒரு லட்சம் பிரீமியத்தைக் கடனில் சேர்த்தால் 8.5 சதவீதத்தில் 20 ஆண்டில் அதற்காகக் கட்டுவது 2.08 லட்சம். கடனை 10-ஆம் ஆண்டில் தீர்த்தால் மிச்சப் பிரீமியம் திரும்புமா, வேறு வங்கிக்குக் கடனை மாற்றினால் காப்பீடு கூடவே வருமா என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. தனியாக எடுக்கும் ஆயுள் காப்பீட்டின் விலையையும் பக்கத்தில் எழுதிக் காட்டி, பிறகு கையெழுத்துக் கேளுங்கள்.

கட்டி முடியாத வீட்டுக்குக் கடன் தரும்போது பணத்தைக் கட்டுமான நிலைக்கு ஏற்பத் தருகிறீர்கள். அதுவரை கொடுத்த பணத்துக்கு வட்டி மட்டும் வாங்குகிறீர்கள். இந்த வட்டியில் அசல் ஒரு பைசா குறையாது என்று வாடிக்கையாளரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். கட்டுமானம் இரண்டு ஆண்டு இழுத்தால், வாடகையும் வட்டியும் சேர்ந்து கட்டிய பிறகும் கடன் அப்படியே நிற்கும். முழுத் தவணையை உடனே தொடங்கும் வாய்ப்பு இருந்தால் அதைச் சொல்லுங்கள். பில்டர் அனுப்பும் கேட்புக் கடிதத்தை மட்டும் நம்பிப் பணம் விடாமல், உங்கள் பொறியாளர் போய்ப் பார்த்த தேதியையும் படத்தையும் வீடு வாங்குகிறவருக்கு அனுப்புங்கள். அந்தப் பணம் அவர் பெயரில் எழுதப்படும் கடன்.

இனி முன்கூட்டிக் கட்டுவது. இதில்தான் வாங்குகிறவர்கள் அதிகம் இழக்கிறார்கள். தவணை எப்படி வேலை செய்கிறது என்று யாரும் அவர்களுக்குக் காட்டாததுதான் காரணம். முதல் தவணை 43,391-இல் வட்டி 35,417. அசலுக்குப் போவது 7,974. ஐந்து ஆண்டில் 26 லட்சம் கட்டிய பிறகும் பாக்கி 44.06 லட்சம். ஒவ்வொரு தவணையிலும் அசலின் பங்கு வட்டியைத் தாண்டுவதற்கே 12 ஆண்டு ஆகிவிடும். கடன் பாதியாகக் குறைய 13 ஆண்டு 10 மாதம் ஆகும்.

அதனால் முன்கூட்டிக் கட்டும் பணத்துக்கு, கட்டும் காலத்தைப் பொறுத்து மதிப்பு மாறுகிறது. முதல் ஆண்டு முடிவில் 5 லட்சம் கட்டி, தவணையை அப்படியே வைத்தால், கடன் நான்கு ஆண்டு முன்னதாக முடியும். அதே 5 லட்சத்தை 15-ஆம் ஆண்டு முடிவில் கட்டினால் 16, 17 மாதம்தான் குறையும். பெரிய தொகை இல்லாதவர் ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டி வந்தாலே மூன்று ஆண்டுக்கு மேல் குறைகிறது. ஆனால் உங்கள் கவுண்டரில் பல சமயம், கூடுதல் பணம் கட்டியதும் காலத்தை விட்டுவிட்டுத் தவணையைக் குறைத்துவிடுகிறார்கள். மாதம் கொஞ்சம் மிச்சமாகும். வட்டியில் கிடைக்க வேண்டிய லாபத்தில் பெரும்பகுதி கைவிட்டுப் போகும். எது வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கட்டிய மூன்று நாளுக்குள் புதிய அட்டவணையைக் கொடுங்கள்.

கடன் வாங்கியவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. கையிருப்பை வழித்தெடுத்து முன்கூட்டிக் கட்டாதீர்கள். ஆறு மாதத் தவணையும் ஆறு மாத வீட்டுச் செலவும் தனியே இருக்கட்டும். கிரெடிட் கார்டு பாக்கியோ தனிநபர் கடனோ இருந்தால் அது முதலில் தீரட்டும். நிலையான வட்டிக் கடனாக இருந்தால் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் உண்டா என்று பாருங்கள்.

காலத்தை 30 ஆண்டாக வைத்தால் தவணை 38,446 ஆகும். மாதம் 4,945 குறையும். மொத்தத்தில் 34 லட்சம் கூடும். உங்கள் விளம்பரத்தில் முதல் எண் பெரிதாக வருகிறது. இரண்டாவதும் அதே அளவு எழுத்தில் வரட்டும்.

புதிதாக வருகிறவருக்கு ஒரு வட்டி, பத்து ஆண்டாக ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு அதைவிட அதிக வட்டி என்பது எங்களை உண்மையாகவே வருத்துகிறது. அவர் வேறு வங்கிக்கு மாற எத்தனை நாள் அலைய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பாக்கி 44.06 லட்சம், 15 ஆண்டு மிச்சம், வட்டி 8.5-இலிருந்து 8 ஆகிறது என்றால் மாதம் மிச்சமாவது சுமார் 1,280. மாற்றும் செலவு 40,000 ஆனால், அது திரும்பக் கிடைக்கவே 32 மாதம். மாறுகிற இடத்தில் காலத்தை மறுபடியும் 20 ஆண்டாகப் போட்டுவிட்டால் லாபமும் போய்விடும். அந்த அரை சதவீதத்தைக் கேட்காமலே கொடுங்கள்.

வேலை போனாலோ நோய் வந்தாலோ தவணை நிற்கும் முன்பே உங்களிடம் வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தருகிறீர்கள், நல்லதுதான். அந்த ஆறு மாத வட்டி அசலில் ஏறி 50 லட்சம் 52.16 லட்சமாகிறது. அதே தவணையில் கட்டினால் 240-க்குப் பதில் சுமார் 270 தவணை ஆகும். ஆறு மாத ஓய்வுக்கு முப்பது தவணை. இதைச் சொன்னால் பலர், முழு ஓய்வு வேண்டாம், வட்டியை மட்டுமாவது கட்டுகிறேன் என்பார்கள். அந்த வழியைப் படிவத்தில் முதலில் வையுங்கள்.

கடைசித் தவணை கட்டிய பிறகு மூலப் பத்திரம் திரும்ப வர வேண்டும். சொத்தின் மேல் இருக்கும் அடமானப் பதிவும் நீங்க வேண்டும். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பத்து ஆண்டு கழித்து விற்கப் போகும்போதுதான் வில்லங்கத்தில் கடன் இன்னும் நிற்பது தெரிகிறது. இந்தியாவில் பத்திரத்தைத் திருப்பித் தந்து அடமானப் பதிவை நீக்க 30 நாள் கெடு. உங்கள் பக்கம் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. எங்கே இருந்தாலும், கடன் கொடுக்கும் நாளில் வாங்கிக்கொண்ட ஒவ்வொரு தாளையும் பக்க எண்ணிக்கையோடு எழுதி, கையெழுத்திட்ட பட்டியலைக் கொடுங்கள். 20 ஆண்டு கழித்து இருவரும் அந்தப் பட்டியலை வைத்துத்தான் சரிபார்க்கப் போகிறோம்.

அன்புடன்,
வீட்டுக் கடன் கணக்குகளைப் பார்த்துத் தருகிறவர்கள்