பொன்னாடைக்குப் பிறகு ஆய்வுரைக்கு மிஞ்சுவது எவ்வளவு நேரம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தின் கலை அறிவியல் கல்லூரிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் கணினித் துறைகள் நடத்தும் இணையப் பாதுகாப்புக் கருத்தரங்குகள் பற்றியும், அவற்றை ஒட்டி நடக்கும் வேலைவாய்ப்பு வழிகாட்டி நிகழ்ச்சிகள் பற்றியும் தங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தியும் படமும் வெளிவருகின்றன. இவை நடப்பது நல்லதே. ஆயினும், திருவனந்தபுரத்தில் இத்துறையில் பணியாற்றிக்கொண்டே இம்மாவட்டக் கல்லூரிகள் சிலவற்றுக்குப் பேச்சாளனாகப் போய்வருபவன் என்ற முறையில், இந்நிகழ்ச்சிகள் மாணவர்களுக்காக நடக்கின்றனவா, ஆவணக் கோப்புக்காக நடக்கின்றனவா என்னும் ஐயத்தைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அழைப்பிதழில் காலை பத்து மணி என்றிருக்கும். குத்துவிளக்கு ஏற்றும்போது மணி பத்தே முக்காலைத் தாண்டியிருக்கும். வரவேற்புரை, தலைமையுரை, இரண்டு மூன்று வாழ்த்துரைகள், பேச்சாளர் அறிமுகம், பொன்னாடை, நினைவுப் பரிசு என்று எல்லாம் முடிந்து ஒலிவாங்கி ஆய்வாளரின் கைக்கு வரும்போது, பின்வரிசை மாணவர்களின் கண் மதிய உணவுக்குப் போய்விட்டிருக்கும். அவர் அரைமணி நேரத்தில் நாற்பது விளக்கப் பக்கங்களைத் திரையில் ஓட்டி முடிப்பார். “கேள்வி இருந்தால் கேட்கலாம்” என்றதும் சிறிது நேரம் அமைதி நிலவும். பிறகு முன்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, ஆசிரியர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைப் பார்த்து ஒரு கேள்வியை வாசிப்பார். கடைசியில் கருத்துப் படிவத்துக்கான கியூஆர் குறியீடு திரையில் தோன்றும்போதுதான் அரங்கம் முழுவதும் நிமிர்ந்து உட்காருகிறது, ஏனென்றால் அதை நிரப்பினால்தான் சான்றிதழ் மின்னஞ்சலில் வரும். கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று வழங்கும் நாக் குழு வரும்போது காட்டுவதற்குப் படமும் வருகைப் பட்டியலும் வேண்டும் என்பதில் துறைத் தலைவர்களுக்கு இருக்கும் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த நெருக்கடிக்கு இரையாவது ஆய்வுரைதான்.

ஓர் ஆய்வுரை முறையாக நடந்தால் என்ன பயன் விளையும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். நம் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணியாகவும் சில இடங்களில் முதுகலை ஆய்வாகவும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருப்பது, தரவிலிருந்து கணினியே கற்றுக்கொள்ளும் இயந்திரக் கற்றலைக் கொண்டு வலையமைப்புத் தாக்குதல்களைக் கண்டறியும் பணி. இதற்குப் பெரும்பாலோர் எடுத்துக்கொள்வது ‘கேடிடி கப் 99’ என்னும் தரவுத் தொகுப்பு. அமெரிக்காவின் எம்ஐடி லிங்கன் ஆய்வகம் 1998-இல் ஒரு ராணுவ வலையமைப்பைப் போலச் செயற்கையாக அமைத்துப் பதிவு செய்த போக்குவரத்திலிருந்து எடுக்கப்பட்டு, மறு ஆண்டில் ஒரு போட்டிக்காக வெளியிடப்பட்ட தொகுப்பு அது. அப்போது இன்றைய திறன்பேசி கிடையாது, யுபிஐ கிடையாது, இன்று நம் வலையமைப்புகளில் ஓடும் போக்குவரத்தில் பெரும்பகுதி கிடையாது. அதுமட்டுமின்றி, அதன் பயிற்சிப் பகுதியில் ஏறத்தாழ 78 சதவீதப் பதிவுகளும் சோதனைப் பகுதியில் 75 சதவீதப் பதிவுகளும் ஒன்றின் நகலே மற்றொன்று என்பதை 2009-இலேயே ஓர் ஆய்வுக் கட்டுரை எடுத்துக்காட்டிவிட்டது. அத்தகைய தரவில் 99 சதவீதத் துல்லியம் கிடைப்பதில் வியப்பில்லை. திரும்பத் திரும்ப வருவதை அடையாளம் காண்பது எளிது. நம் மாணவர்கள் நகரத்தில் உள்ள புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிவரும் குறுந்தகட்டிலும் இதே தொகுப்பு, இதே 99 சதவீதம். வலையமைப்புப் பாதுகாப்பில் உண்மையாகவே ஆய்வு செய்யும் ஒருவர் வந்து, அரைநாள் மாணவர்களோடு உட்கார்ந்து, இந்த எண்ணை ஏன் நம்பக்கூடாது என்று அந்தத் தரவையே திறந்து காட்டினால், அதன்பின் அந்தத் துறையில் எவரும் அந்தக் குறுந்தகட்டை வாங்கத் தயங்குவார்கள். பொன்னாடை போர்த்திய அரைமணி நேர உரையில் இது நடக்காது.

நம் பகுதிக்கு இத்துறையில் பேசுவதற்குப் பொருள் இல்லையா என்றால், நாடே பேசிய ஒன்று பக்கத்திலேயே நடந்திருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கூடங்குளம் அணுமின் நிலையம் சார்ந்த கணினி ஒன்றில் தீநிரல் புகுந்திருப்பதாக 2019 அக்டோபர் இறுதியில் செய்தி பரவியது. 29-ஆம் தேதி நிலையத்தின் சார்பில் மறுப்பு வெளியாயிற்று. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தீநிரல் கண்டறியப்பட்டது உண்மை என்றும், செப்டம்பர் 4 அன்றே மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தங்களுக்குத் தகவல் தந்தது என்றும், பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்த ஒரு பயனரின் கணினி என்றும், அது முக்கிய உள்வலையமைப்பிலிருந்து தனித்தே இருந்தது என்றும் அறிவித்தது. டிடிராக் என்று வல்லுநர்கள் அடையாளம் கண்ட அந்தத் தீநிரல், விசைப்பலகையில் தட்டுவதையும் உலாவியின் வரலாற்றையும் கணினியில் ஓடும் நிரல்களின் பட்டியலையும் திரட்டி அனுப்பும் உளவு வகையைச் சேர்ந்தது.

அந்த வாரம் அணு உலையைப் பற்றி இங்கே தேநீர்க் கடை வரை அச்சத்தோடு பேசினார்கள். கணினித் துறைகளில் படிக்கும் பிள்ளைகளிடம் அதைக் கொண்டுபோயிருந்தால் எத்தனை கேள்விகள் எழுந்திருக்கும்! நிர்வாக வலையமைப்பும் கட்டுப்பாட்டு வலையமைப்பும் தனித்தனி என்றால், இரண்டுக்கும் இடையே கோப்புகள் எப்படிப் போய்வருகின்றன? 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல், இணையத்தோடு இணையாத ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் ஆலைக்குள் யுஎஸ்பி நினைவகத்தின் வழியாக நுழைந்ததாகக் கருதப்படுகிறதே, அதற்குப் பிறகும் தனித்திருப்பதை மட்டும் நம்பலாமா? நிர்வாகக் கணினியிலிருந்து ஊழியர் பட்டியலும் கருவி கொள்முதல் விவரமும் போனால், அடுத்த தாக்குதலுக்கு அது எந்த அளவில் உதவும்? இக்கேள்விகளுக்கு விடை தேட அணு ரகசியம் எதுவும் தேவையில்லை. வெளியாகியுள்ள பகுப்பாய்வு அறிக்கைகளே போதும். ஒரு பருவம் முழுவதற்கும் இது ஆய்வுரைப் பொருளாகத் தாங்கும்.

கடற்கரைப் பக்கம் வந்தால் இன்னொன்று. தூத்தூர், வள்ளவிளை பகுதி மீனவர்கள் அரபிக்கடலில் வெகுதொலைவு சென்று தொழில் செய்பவர்கள். சரக்குக் கப்பல் மோதும் ஆபத்து அவர்களுக்குப் புதிதன்று. கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தையும் வேகத்தையும் அறிவிக்கப் பயன்படுத்தும் ஏஐஎஸ் முறையில், செய்தியை அனுப்புவது யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு வடிவமைப்பிலேயே இல்லை; பொதுமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் குறிப்பும் போலி செய்யத்தக்கதே. இல்லாத கப்பலை இருப்பதாகத் திரையில் காட்ட முடியும் என்பது இத்துறை ஆய்வாளர்களிடையே பலகாலமாகப் பேசப்படும் செய்தி. தேங்காய்ப்பட்டணத்திலோ குளச்சலிலோ பிறந்த மாணவன் ஒருவன் இதைத் தன் ஆய்வாக எடுத்துக்கொண்டால், மும்பையிலோ தில்லியிலோ இருப்பவருக்குக் கிட்டாத அனுபவ அறிவு அவன் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கும்.

வேலைவாய்ப்பு நிகழ்ச்சிகளைப் பற்றி எனக்கு இன்னும் கடுமையான கருத்து உண்டு. இவற்றில் பல, பயிற்சி நிறுவனங்களின் விற்பனை மேடையாகிவிட்டன. ‘எத்திக்கல் ஹேக்கிங் படித்தால் நூறு சதவீதம் வேலை’ என்னும் பதாகைக்குக் கீழே நின்று, கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓடுவதைக் காட்டி ஒருவர் பேசுகிறார். மாணவர்கள் வாய்பிளந்து கேட்கிறார்கள். அண்மையில் ஒரு கல்லூரியில், அரங்கின் வாசலில் இருந்த மேசையில் ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். வருகிற மாணவர் ஒவ்வொருவரும் பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல், பெற்றோரின் எண், அவர்களது ஆண்டு வருமானம் ஆகியவற்றை எழுத வேண்டும். முன்னால் எழுதியவரின் விவரம் முழுவதும் அடுத்து வருபவரின் கண்ணில் படும். எதற்காக இவ்வளவு கேட்கிறீர்கள் என்றபோது, “ஃபாலோ-அப் பண்ணத்தான் சார்” என்று பதில் வந்தது. குறிப்பிட்ட நோக்கத்துக்கு, உரியவரின் இசைவோடு, தேவையான அளவே தகவல் பெற வேண்டும் என்று கூறும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இலேயே இயற்றப்பட்டுவிட்டது. உள்ளே அன்றைய உரையின் தலைப்பு, தரவுப் பாதுகாப்பு.

இத்துறையில் வேலை இருக்கிறது, அதில் ஐயமில்லை. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் பாதுகாப்பு மீறல்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிகளில் நடப்பவற்றைக் குறித்துவைக்கும் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பதிவேட்டை வைத்திருந்தால் போதாது, அதைப் படிக்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் உட்காரும் முதல்நிலைப் பணியாளர். அவருடைய நாள், திரைப்படத்தில் வருவதைப் போன்றதன்று. மூன்று ஷிப்டு, திரையில் வரிசையாக எச்சரிக்கைகள், அவற்றில் பெரும்பாலானவை, யாரோ கடவுச்சொல்லை மறந்து நான்கு முறை தவறாகத் தட்டியதாலோ, காப்புப்பிரதி எடுக்கும் நிரல் நள்ளிரவில் ஓடியதாலோ எழுந்தவை. ஒவ்வொன்றையும் பார்த்து, இது ஏன் ஆபத்தில்லை என்று இரண்டு வரி எழுதி மூட வேண்டும். நூற்றில் ஒன்று உண்மையானதாக இருக்கும்போது சலிப்பில்லாமல் அதைப் பிடிப்பதுதான் திறமை. அனுமதி பெற்றுத் தாக்கிப் பார்த்துக் குறைகளைக் கண்டறியும் ஊடுருவல் சோதனைப் பணியிலும் பாதி நேரம் அறிக்கை எழுதுவதில்தான் போகிறது. இதையெல்லாம் மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரவுப் பணி என்றதும் பெண்பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்கும் அந்த மேடையிலேயே நேரான விடை கிடைக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே துறையில் படித்து, இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அக்காவோ அண்ணனோ வந்து சொன்னால் அது ஏறும்.

சொல்லாமல் விடப்படும் வேறு இரண்டு செய்திகளும் உண்டு. ஆர்வக் கோளாறில் சொந்தக் கல்லூரியின் மதிப்பெண் தளத்தையே ‘சோதித்துப் பார்க்கும்’ மாணவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உரியவரின் அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைந்தால், 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி இழப்பீடு தர நேரிடும். நேர்மையற்ற நோக்கமோ மோசடி நோக்கமோ சேர்ந்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். கண்ட குறையைச் செர்ட்-இன் அமைப்புக்கு முறையாகத் தெரிவிக்க வழி இருப்பதையும், ‘பிக்கோ சிடிஎஃப்’ போன்ற இலவச இணையப் பாதுகாப்புப் போட்டிகளில் சட்டத்துக்கு உட்பட்டே பயிற்சி பெறலாம் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

மற்றது, வெளிநாட்டு வேலை. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கும் மாவட்டம் இது என்று சொல்லுமளவுக்கு நாம் கடல் கடந்து பழகியவர்கள். அந்தப் பழக்கத்தையே வலையாக்கி, கணினி வேலை, தரவு உள்ளீடு, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டிக் கம்போடியா, மியான்மர், லாவோஸ் நாடுகளுக்கு அழைத்துச் சென்று, கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொண்டு, இணைய மோசடியில் ஈடுபடுத்தும் கும்பல்களிடம் தமிழ்நாட்டு இளைஞர்களும் சிக்கினார்கள். 2022-இல் மியான்மரிலிருந்து சிலர் மீட்கப்பட்டு வந்ததைச் செய்தித்தாள்களில் படித்தோம். முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்ப்பது எப்படி என்று செயல்முறையாகக் காட்ட ஒரு வேலைவாய்ப்பு நிகழ்ச்சியில் பத்து நிமிடம் ஒதுக்குவது பெரிய காரியமா? மாவட்டத்தின் இணையக் குற்றப் பிரிவுக் காவலர் ஒருவரை அழைத்தால் மகிழ்ந்து வருவார். இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்னும் உதவி எண்ணைப் பற்றியும் அவரே சொல்வார்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய செலவில்லாத வழியையே சொல்வேன். ஆண்டுக்கு ஒரு விழா நடத்துவதை விட்டு, மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஒதுக்கலாம். பேச்சாளரின் கட்டுரையோ குறிப்போ இரண்டு வாரத்துக்கு முன்பே மாணவர் கையில் இருக்க வேண்டும்; நாற்பது நிமிடம் உரை, மீதி நேரம் கேள்வி; முதல் சில கேள்விகள் மாணவர்களுடையவை, அவை தமிழிலும் இருக்கலாம். முந்நூறு பேரை அரங்கில் அடைப்பதைவிட, விரும்பி வரும் முப்பது பேர் ஆய்வகத்தில் கணினியின் முன் உட்கார்ந்தால் போதும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கணினித் துறை இருக்கும், திருநெல்வேலியை அடுத்த அபிஷேகப்பட்டி, நாகர்கோவிலிலிருந்து 80 கிலோமீட்டருக்கும் அப்பால்; அங்கே ஆய்வுரை நடந்தாலும் நம் பிள்ளைகள் போய்த் திரும்புவது எளிதன்று. ஆகவே நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலைப் பகுதிக் கல்லூரிகள் முறைவைத்து நடத்தி, பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்கும் கதவைத் திறந்து விடலாம். நான்கு மணிக்கு முடித்தால்தான் குலசேகரம், அருமனை பக்கம் போகிற மாணவிகள் இருட்டுவதற்குள் வீடு சேர முடியும். இதையும் அமைப்பாளர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

பேச்சாளர்களுக்குச் சென்னையையோ பெங்களூருவையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை. நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டரில் உள்ள திருவனந்தபுரத்தில், 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க்கில், நம் மாவட்டத்துக்காரர்கள் ஏராளமாக வேலை பார்க்கிறார்கள். அதே ஊரில் உள்ள, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் மையம் இணையக் குற்றத் தடயவியலில் பெயர் பெற்றது. கேரளக் காவல்துறையின் இணையப் பாதுகாப்பு மையமான சைபர்டோம் அங்கேதான் இயங்குகிறது. எங்களில் பலர் வார இறுதியில் ஊருக்கு வருகிறவர்கள். வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்து ஓர் உரையாற்ற யாரும் காசு கேட்கப்போவதில்லை. பேருந்துக் கட்டணமும் ஒரு தேநீரும் போதும், பொன்னாடை வேண்டாம்.

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதத்தோடு தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்ற மாவட்டம் என்று நாம் பெருமை பேசுகிறோம். வரும் கல்வியாண்டுக்கான நாட்காட்டியைக் கல்லூரிகள் மே மாதத்தில் அச்சுக்குக் கொடுக்கும். அதற்கு முன் கணினித் துறைத் தலைவர்கள் ஒருமுறை கூடி, இந்த வெள்ளிக்கிழமைகளை அதில் குறித்துவிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். முதல் அமர்வுக்குக் கூடங்குளம் நிகழ்வையே பொருளாக வைத்துக்கொண்டால், வாசிப்புக் குறிப்பைத் தயாரித்துத் தர நானும் என் உடன் பணியாற்றும் நண்பர்களும் அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கணினிப் பாதுகாப்புப் பணியாளர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.